மேல்தளத்துக்கு எந்த ஜின்?

கப்பலில் குடிக்க ஜின் (ஜூனிபர் என்ற சிறு காயால் மணமூட்டிய சாராயம்) தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது காற்றைப் பற்றி. உள்ளே பாரில் உட்கார்ந்து மூக்கருகே வைத்துக்கொண்டு ரோஜா, வெள்ளரி என்று ரசித்த அதே ஜின்னை மேல்தளத்துக்கு எடுத்துப் போங்கள். வாசனை முழுவதையும் காற்று வாரிக்கொண்டு போயிருக்கும், கையில் இனிப்பும் கசப்புமாக, ஜின்னில் கலக்கும் டானிக் என்ற சோடா மட்டும் மிஞ்சும். போதாததற்கு மேல்தளத்தில் கண்ணாடிக் கோப்பைக்கு அனுமதி இல்லை. வாய் அகன்ற பிளாஸ்டிக் டம்ளர்தான்.

சென்ற கோடையில் சவுத்தாம்ப்டனில் ஏறி நார்வேயின் ஃபியோர்டுகளை, அதாவது மலைகளுக்கு நடுவே நீளும் கடல் குடாக்களைப், பார்த்துவிட்டுத் திரும்பினோம். நானும் கணவரும் என் நாத்தனாரும். கணவர் பீரைத் தவிர எதையும் தொடமாட்டார், ஆகவே இந்த விஷயத்தில் அவருக்கு வாக்குரிமை இல்லை. நான் குராய்டனில் மருந்தாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்தப் புட்டியைக் கண்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஹெண்ட்ரிக்ஸ் 1999-இல் வந்த ஸ்காட்லாந்து ஜின். வடித்த பிறகு ரோஜா, வெள்ளரிச் சாறுகளைச் சேர்க்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் உள்ளே அமர்ந்து குடிக்க அருமையானது. மேல்தளத்திலோ, மிதக்கும் வெள்ளரித் துண்டைக் கடித்தால்தான் அது ஹெண்ட்ரிக்ஸ் என்றே தெரிந்தது. பாம்பே சஃபையரும் அப்படித்தான். அதன் 10 மூலப்பொருள்களையும் சாராயத்தில் ஊறப்போடாமல், கூடையில் வைத்து ஆவியை அவற்றின் ஊடே செலுத்தி வடிக்கிறார்கள். அதனால் மணம் மென்மையாக இறங்குகிறது, அந்த மென்மைக்குக் காற்றில் வேலை இல்லை.

டாங்கரே வேறு ரகம். இதில் நான்கே பொருள்கள்: ஜூனிபர், தனியா, ஏஞ்சலிக்கா வேர், அதிமதுரம். தனியாவும் அதிமதுரமும் நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருகிற சரக்கு. ஏஞ்சலிக்காவும் ஐரோப்பாவின் பழைய மருந்து வேர்தான். கெய்ராங்கர் ஃபியோர்டில் ஏழு சகோதரிகள் அருவியைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கத்துக் கம்பி ஓரமாக நெருக்கியடித்து நின்றார்கள். காது மடல் மரத்துப்போகிற காற்று. ஒரு வாய் குடித்தேன். முதலில் ஜூனிபரின் பிசின் காரம் நாக்கின் நடுவில் ஏறியது, விழுங்கியதும் தனியாவின் லேசான எலுமிச்சை வாடை தொண்டையில் நின்றது. மூக்கு வேலை செய்யாத இடத்திலும் நாக்குக்குப் புரிகிற ஜின் இது. என் தேர்வு இதுதான்.

வாங்கும்போது லேபிளில் சதவீதத்தைப் பாருங்கள். சாராயத்தின் அளவு அதுதான். டாங்கரே பிரிட்டன் கடைகளில் ஒரு வலிமையிலும், வரியில்லாக் கடைகளில் அதைவிடக் கூடுதலாக 47.3 சதவீதத்திலும் கிடைக்கும். பெயர் ஒன்று, போதை ஒன்றல்ல.

டானிக்கைப் பற்றி ஒரு புகார். நான் போன கப்பலின் நீச்சல்குளத்து பாரில் குழாய் வழியாகத்தான் டானிக் ஊற்றினார்கள்: நுரை செத்த, சர்க்கரைப் பாகு தூக்கலான தண்ணீர். சிறு புட்டி டானிக்கைக் கேட்டு வாங்கி, நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் ஒரு ஜின்னுக்கு வழக்கமான அளவு 25 மில்லி. அதன்மேல் 200 மில்லி புட்டியைக் கவிழ்த்தால் எந்த ஜின்னாக இருந்தாலும் ஒன்றுதான். பாதிப் புட்டியோடு நிறுத்துங்கள். மீதியை வீணாக்க வேண்டாம். இரவு நடன அரங்கின் புற ஊதா விளக்கடியில் வைத்தால் டானிக்குக்குக் கசப்பைத் தரும் குயினைன் நீலமாக ஒளிரும். நாத்தனார் இதை நம்பவில்லை, காட்டிய பிறகு மேசையில் இருந்த எல்லோருக்கும் தானே கண்டுபிடித்ததுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொழில் புத்தி போகாது, இதையும் சொல்லிவிடுகிறேன். கடல் குமட்டலுக்கு சின்னரிசின் போன்ற மாத்திரை போட்டுக்கொண்டால் அன்றைக்கு ஜின் வேண்டாம். இரண்டும் சேர்ந்து தூக்கத்தில் ஆழ்த்திவிடும். ஆடுகிற கப்பலின் படிக்கட்டில் அந்த மயக்கம் ஆபத்து.

நாத்தனாருக்குப் பிடித்தது கடைகளில் விற்கும் இளஞ்சிவப்பு ஜின். ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி சுவையில் மிட்டாய்த் தண்ணீர் என்பது என் கருத்து. ஆனால் பழைய பிங்க் ஜின் பிரிட்டிஷ் கடற்படையின் சரக்கு: பிளிமத் ஜின்னில் சில சொட்டு அங்கஸ்துரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு, அவ்வளவுதான், பழம் கிடையாது. அந்த பிட்டர்ஸை 1824-இல் வெனிசுவேலாவில் வயிற்றுக் கோளாறுக்காக உருவாக்கியவர் சீகர்ட் என்ற மருத்துவர். பிளிமத் ஆலை 1793 முதல் இங்கிலாந்தில் அதே பெயர் கொண்ட துறைமுக ஊரில் இயங்குகிறது. அதன் ஜின் 41.2 சதவீதம், தொண்டையைக் கிழிக்காது. மழை பிடித்துக்கொண்டு யாரும் மேலே போகாத மாலைகளில் நான் இதைத்தான் கேட்டேன். கடற்படை வலிமை என்று 57 சதவீதத்திலும் ஒன்று உண்டு. துணிச்சல் இருப்பவர்கள் துறைமுகத்தில் நிற்கிற அன்று முயன்று பார்க்கலாம்.

பி அண்ட் ஓ என்ற சுற்றுலாக் கப்பல் நிறுவனத்தின் ஐயோனா கப்பலுக்காக டெவனில் உள்ள சால்கம் ஆலையோடு சேர்ந்து மாரபெல் என்ற ஜின்னை உருவாக்கி, கப்பலிலேயே வடித்தார்கள். அதை இன்னும் சுவைத்ததில்லை. கறிவேப்பிலை சேர்த்து வடிக்கிற இலங்கையின் கொழும்பு நம்பர் 7 எங்கள் கப்பலில் கிடைக்கவில்லை; வீட்டு அலமாரியில் இருக்கிறது, வெங்காய பஜ்ஜி போடுகிற நாளில் வெளியே வரும்.

உங்கள் கப்பல் பட்டியலில் டாங்கரே இல்லையென்றால் பீஃபீட்டர் கேளுங்கள், ஒரு எலுமிச்சைத் துண்டைப் பிழிந்து. அதுவும் காற்றுக்கு ஈடுகொடுக்கும், விலையும் பெரும்பாலும் குறைவு.