நுவரெலியாவில் ஆடையில்லா நத்தார்: ஒரு பங்களாவின் நீராவி அறை

பிரான்சில் ஆடையின்றி இருப்பதை விரும்பும் இயற்கைவாதிகள் குளிர்காலத்தில் கடற்கரையை விட்டு, சூடாக்கிய நீச்சல் குளங்களுக்கும் சோனா எனும் வெப்பக் குளியல் அறைகளுக்கும் வந்துவிடுவார்கள். நத்தார் விடுமுறையை அந்த முறையில் கழிக்க இந்தப் பழைய தோட்டத்துப் பங்களா ஏற்றது, ஆனால் முழுவதையும் வாடகைக்கு எடுத்தால் மட்டுமே. இலங்கையில் பொது இடத்தில் ஆடையின்றி இருப்பது குற்றம். தேயிலை மலைக்குள்ளும் கூடாது. கொழுந்து பறிப்பவர்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள். வேலையாட்கள் வரும் நேரத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அவர்கள் மனம் சங்கடப்படாமல் இருப்பது முக்கியம்.

இங்கே சிறப்பு நீராவி அறைதான். விறகடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் ஒரு கட்டு யூக்கலிப்டஸ் இலையும் இரண்டு பிடி நொச்சியும் போடுகிறார்கள். 10 நிமிடம் போதும். பிறகு இளஞ்சூட்டு நீரில் குளியல், நிறையக் குடிநீர். பிரெஞ்சுக்காரரின் முதல் விதி இங்கும் பொருந்தும்: துவாய் விரிக்காமல் எந்த இருக்கையிலும் உட்காரக் கூடாது. ஆளுக்கு மூன்று துவாய் கேளுங்கள், இந்த ஈரக் காற்றில் ஒரு நாளில் காயாது.

குறை விறகில். மழையில் நனைந்த கட்டை புகைந்து கண்ணெரிய வைக்கிறது, நீராவியும் வருவதில்லை. காய்ந்த விறகைக் காலையிலேயே உள்ளே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் டிசம்பர் இரவு கடும் குளிர். குளியலறையிலிருந்து கூடத்துக்குப் போகும் திறந்த தாழ்வாரத்தில் தடித்த அங்கி அவசியம்.

24ஆம் திகதி இரவு விருந்துக்கு, விறகுக்கட்டை வடிவ 'பூஷ்' கேக்கைக் கித்துள் கருப்பட்டி சேர்த்துச் செய்கிறார்கள். அருமை!