பிடிவலு அளவியும் முப்பது கேள்விகளும்: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

மூட்டுவாதம் உள்ள குழந்தைகளின் கை எவ்வளவு வேலை செய்கிறது என்று மதிப்பிட்டு, அதை வாதநோய் மருத்துவருக்கு எழுதித் தருவது ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகிய என் பணிகளில் ஒன்று. ஒன்பது ஆண்டுகளாக என் மேசையை விட்டு நீங்காதவை நான்கு: ஹைட்ராலிக் பிடிவலு அளவி, முள் ஓடும் டயல் வைத்த பழைய பி.பி. கருவி, மூட்டு எத்தனை பாகை மடங்கி நிமிர்கிறது என்று அளக்கும் பிளாஸ்டிக் கோணமானி, குழந்தையின் அன்றாடச் செயல்களைப் பற்றிக் கேட்கும், சி.எச்.ஏ.கியூ. என்று அழைக்கப்படும் கேள்வித்தாள். இவற்றை வாங்கவோ பயன்படுத்தவோ எண்ணும் இளைய தெரபிஸ்டுகளும், தம் குழந்தைக்கு ஏன் இத்தனை சோதனைகள் என்று கேட்கும் பெற்றோரும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பதினாறு வயதுக்கு முன் தொடங்கி, ஆறு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, வேறு காரணம் எதுவும் கண்டறிய இயலாத மூட்டழற்சியையே ஜூவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ் என்கிறார்கள். முழங்கால் வீங்கினால் குழந்தை நொண்டுவது தெருவுக்கே தெரிந்துவிடும். மணிக்கட்டு வீங்கினால் அப்படித் தெரிவதில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கவும், பையை முழங்கை மடிப்பில் மாட்டிக்கொள்ளவும், தரையிலிருந்து எழும்போது உள்ளங்கையை ஊன்றாமல் மூடிய கைமுட்டியை ஊன்றவும் குழந்தை தானாகவே கற்றுக்கொள்கிறது. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்கிறது.

முதலில் பிடிவலு அளவி. உட்கார்ந்த நிலையில், மேற்கை உடலோடு ஒட்டி, முழங்கை 90 பாகையில் மடங்கியிருக்க, மூன்று முறை அழுத்தச் சொல்லிச் சராசரி எடுப்பதே வழக்கமான முறை. பெரியவர்களுக்கு இது சிறந்த கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏழு வயதுக் குழந்தையிடம் நீட்டும்போதுதான் அதன் குறைகள் தெரியத் தொடங்குகின்றன. இரும்புப் பிடி குளிர்ந்து கடினமாக இருக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் அது அசைவதாகக் கைக்குத் தெரிவதில்லை என்பதால் குழந்தை இரண்டாம் முறையிலேயே சலித்துவிடுகிறது. என்னிடமுள்ள கருவியில் இரண்டு கிலோவுக்கு ஒரு கோடு என்றே அளவு குறிக்கப்பட்டுள்ளது. மூன்று கிலோவுக்கும் நான்கு கிலோவுக்கும் இடையே போராடும் கையின் முன்னேற்றத்தை அந்தக் கோடுகளுக்கு நடுவே கண்ணால் ஊகிக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு சிக்கல், குழந்தை வளர்கிறது என்பது. எட்டு வயதில் ஆறு கிலோ அழுத்தியவள் பத்து வயதில் ஒன்பது கிலோ அழுத்தினால் அது மருந்தின் பயனா, வயதின் பயனா? அமெரிக்காவில் 6 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கு 1986இல் வெளியான இயல்பளவுகளை (அந்தந்த வயதில் நோயில்லாதவர்களின் பிடிவலு அளவுகளை) நாங்கள் இன்றும் புரட்டுகிறோம் என்றாலும், உடல்வாகு வேறுபடும் நம் குழந்தைகளை அதோடு ஒப்பிடும்போதெல்லாம் எனக்கு உள்ளூரத் தயக்கம் உண்டு. ஒரு கை மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் அதே குழந்தையின் மற்றக் கையை அளவுகோலாகக் கொள்வதே மேல்.

அதனால்தான் சிறிய குழந்தைகளுக்குப் பி.பி. கருவியையே எடுக்கிறேன். அதன் பட்டையைச் சுருட்டிக் கட்டி, டயலில் 20 மில்லிமீட்டர் (பாதரச அழுத்தம்) வரை காற்றேற்றிக் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னால், முள் எங்கே போய் நிற்கிறது என்பதைக் குழந்தையே ஆர்வத்தோடு பார்க்கிறது. பிடி மென்மையாக இருப்பதால் வீங்கிய விரல்களும் தயங்காமல் அழுத்துகின்றன. சுருட்டும் அளவு மாறினால் எண்ணும் மாறும் என்பது இதன் பெரிய குறை. எனவே பட்டையை ஒரே அளவில் சுருட்டித் தைத்து வைத்திருக்கிறேன். இதில் கிடைக்கும் எண்ணைக் கிலோவாக மாற்ற முயலக் கூடாது. அதே குழந்தையின் சென்ற மாத எண்ணோடு ஒப்பிட மட்டுமே அது உதவும். வீட்டில் பாட்டியின் பி.பி. கருவி இருக்கிறதே, அதிலேயே பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இப்போது வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் பொத்தானை அழுத்தினால் தானே காற்றேற்றும் டிஜிட்டல் வகை. அவை இதற்கு உதவா.

கோணமானியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஆள் அளந்தாலும் ஐந்து பாகை வரை முன்பின் ஆகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் பிடிவலு ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இதில்தான் கிடைக்கிறது. மணிக்கட்டு சற்றே புறங்கைப் பக்கம் நிமிர்ந்திருக்கும்போதுதான் விரல்களால் முழு வலுவோடு பற்ற முடியும். இந்நோயில் மணிக்கட்டு முதலில் இழப்பது அந்த நிமிர்வைத்தான். இயல்பாக 70 பாகை அளவுக்கு நிமிர வேண்டிய மணிக்கட்டு 25 பாகையில் நின்றுவிட்டால், விரல் மூட்டுகள் எல்லாம் நன்றாக இருந்தும் பிடி தளர்ந்துவிடுகிறது. அந்தக் குழந்தைக்குப் பந்து பிசையும் பயிற்சியைக் கொடுப்பதைவிட மணிக்கட்டை நிமிர்த்தித் தாங்கும் ஸ்பிளின்ட் என்ற அணைப்பட்டையைச் செய்து கொடுப்பதே முதல் வேலை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி கேள்வித்தாள். பெரியவர்களுக்காக அமெரிக்காவில் உருவான ஒரு வினாத்தாளைக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றி 1994இல் வெளியிட்டார்கள். உடுத்துதல், எழுதல், உண்ணல், நடத்தல், தூய்மை, எட்டி எடுத்தல், பற்றுதல், பிற செயல்கள் என எட்டுப் பிரிவுகளில் முப்பது கேள்விகள் உள்ளன. கடந்த ஒரு வாரத்தை நினைத்து, சிரமமில்லை என்பதற்கு 0 முதல் செய்யவே முடியவில்லை என்பதற்கு 3 வரை மதிப்பெண் இட வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் மிக உயர்ந்த மதிப்பெண்ணை எடுத்து, எட்டின் சராசரியைக் கணக்கிட வேண்டும். பிறர் உதவியோ உதவிக் கருவியோ தேவைப்பட்டால் அந்தப் பிரிவு குறைந்தது 2 ஆகிவிடும்.

இந்தக் கடைசி விதி நம் வீடுகளில் படும் பாடு தனிக் கதை. ஒன்பது வயதுச் சிறுமியின் தாயிடம் சட்டைப் பொத்தானைப் பற்றிக் கேட்டேன். "நான்தான் போட்டுவிடுவேன் மேடம், ஏழரைக்கு வேன் வந்துடும்" என்றார். உதவி உண்டு என்று குறித்தால் மதிப்பெண் 2. ஆனால் அது மூட்டின் சிரமமா, வேனின் அவசரமா? சிறுமியிடம் என் மேசையில் ஒரு சட்டையைக் கொடுத்தேன். மெதுவாக, ஆனால் தானாகவே ஐந்து பொத்தான்களையும் போட்டாள். அன்றிலிருந்து, "நேரம் இருந்தால் அவளே செய்வாளா?" என்று ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் சேர்த்துக் கேட்கிறேன். இறைச்சியை வெட்டுவது, தானிய உணவுப் பெட்டியைப் பிரிப்பது போன்ற கேள்விகளுக்கு நம் தாய்மார்கள் விழிப்பதையும் சொல்ல வேண்டும். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா என்று அந்தத் தாள் கேட்பதில்லை. அதை நான் ஓரத்தில் தனியாகக் குறித்துக்கொள்கிறேன். மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை, சேர்த்தால் பிற இடங்களின் எண்களோடு ஒப்பிட முடியாமல் போகும்.

பிரிவின் உச்ச மதிப்பெண்ணை மட்டும் எடுப்பதால் இன்னொரு மறைவும் நேர்கிறது. அதே சிறுமிக்கு ஆறு மாதத்தில் எழுதுவதும் குழாய் திருகுவதும் எளிதாகிவிட்டன. ஒருமுறை திறந்த பாட்டிலின் மூடியைத் திருகுவது மட்டும் முன்போலவே மிகவும் சிரமம். பற்றுதல் பிரிவு 2இலேயே நின்றது; மொத்தமும் 1.25இலிருந்து இறங்கவில்லை. தாய் அந்த எண்ணைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லையோ என்று கலங்கினார். அவர் முன்னிலையிலேயே பழைய தாளையும் புதிய தாளையும் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். மொத்த எண்ணை மட்டும் எழுதி அனுப்பும் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

கருவிகளும் தாளும் முரண்படுவதே எனக்கு இப்போது மிகவும் பயன்படுகிறது. காலை பதினொரு மணிக்கு என் அறையில் மூடித் திறக்கும் கை, ஆறரை மணிக்குப் பற்பசைக் குழாயைப் பிதுக்க முடியாமல் விறைத்துக் கிடந்த கையாக இருக்கலாம். அளவி பதினொரு மணிக் கையை மட்டுமே அறியும். தாய் ஆறரை மணிக் கையை அறிவார். எண்கள் நன்றாக இருந்து தாள் மோசமாக இருந்தால், காலையில் பல் துலக்குவதை இரண்டு நாள் செல்பேசியில் படம் பிடித்து வரச் சொல்கிறேன். தாள் நன்றாக இருந்து எண்கள் மோசமாக இருந்தால், குழந்தை எதையோ தவிர்க்கப் பழகிவிட்டது என்று பொருள்; அது எது என்று தேடுகிறேன். எந்த நேரத்தில் அளந்தோம், இந்நோய்க்கு வாரம் ஒருமுறை தரும் மெதோட்ரெக்சேட் மாத்திரைக்கு மறுநாளா என்பவற்றையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுகிறேன். மறுநாள் குமட்டலோடு வரும் குழந்தை முழு மனத்தோடு அழுத்துவதில்லை.

தாளால் பிடிக்க முடியாத ஒன்று, நீண்ட நேரம் எழுதும்போது வரும் களைப்பு. பேனாவால் எழுத முடிகிறதா என்றுதான் அது கேட்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வோ மூன்று மணி நேரம். முன்சொன்ன சிறுமிக்கு இப்போது பதினைந்து வயது, கேள்வித்தாளில் மதிப்பெண் 0. ஆனால் இரண்டாம் பக்கத்திலிருந்து கையை உதறிக்கொண்டே எழுதுகிறாள். தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பத்தோடு, அந்தப் பூஜ்யத்தை மறைக்காமல், அரை மணி நேரம் அவள் என் முன் எழுதிய தாள்களையும், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆன நேரத்தையும், எத்தனை முறை பேனாவைக் கீழே வைத்தாள் என்பதையும் இணைத்தேன். கூடுதல் நேரம் கிடைத்தது. சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஆளும் வேண்டுமா என்று கேட்டபோது, வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.