பத்து வருடம் கேம் ஷோ பார்த்த கணக்கு

2015 ஜூன் 16, செவ்வாய்க்கிழமை, இலங்கையில் காலை 6.30 மணி. லொஸ் ஏஞ்சல்ஸில் அப்போது முதல்நாள் மாலை 6 மணி. அம்மா கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து எடுக்க மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் பாடசாலை உடுப்போடு காம்பரா வாசற்படியில் உட்கார்ந்து, மாமாவின் போனில், புது வீடியோ கேம்களை அறிவிக்கும் ஈ3 கண்காட்சியில் சோனியின் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில்தான் சிக்னல் ஓரளவு கிடைக்கும். இரண்டு நிமிடம் ஓடும், ஒரு நிமிடம் நிற்கும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் தி லாஸ்ட் கார்டியன் மீண்டும் தலைகாட்டியது, ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக் அறிவிக்கப்பட்டது, ஷென்மூ 3க்குப் பணம் திரட்டத் தொடங்கினார்கள். பழைய ஃபைனல் ஃபேன்டஸியையோ ஷென்மூவையோ நான் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் அரங்கில் ஆட்கள் எழுந்து கத்தியபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அன்று பாடசாலைக்குப் பிந்திப்போய் வெளியே நின்றேன். அது பெரிதாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து இந்த 2025 ஒக்டோபர் வரை பெரிய கேம் ஷோக்களில் நான் தவறவிட்டவை மிகக் குறைவு. ஒரு போனை இரண்டு வருடம் பாவித்துவிட்டு அனுபவம் எழுதுகிறோம். பத்து வருடம் தூக்கத்தையும் டேட்டாவையும் காசையும் போட்டுப் பாவித்த இதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது.

முதலில் நேரம். லொஸ் ஏஞ்சல்ஸில் பகல் 2 மணிக்குத் தொடங்கும் சமர் கேம் ஃபெஸ்ட் நமக்கு அதிகாலை 2.30. எக்ஸ்பொக்ஸ் ஷோ பெரும்பாலும் இரவு 10.30. ஜெர்மனியில் கேம்ஸ்கொம் தொடக்க இரவு நமக்கு 11.30. டிசம்பரில் வரும் கேம் அவார்ட்ஸ் மட்டும் விடிந்த பிறகு, 6.30 வாக்கில். நைட் டேட்டா 12 மணிக்குப் பிறகுதான் என்பதால் எக்ஸ்பொக்ஸ் ஷோவுக்குப் பகல் டேட்டா கரையும். அதிகாலை ஷோவுக்கு டேட்டா மிஞ்சும், தூக்கம் போகும். ஜூன் என்றால் ஹட்டன் பக்கம் மழை விடாது. தகரத்தில் மழை அடிக்கும்போது போனின் சத்தம் கேட்காது. ஒரு இயர்போனை நானும் சித்தி மகனான தம்பியும் ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு, போர்வைக்குள் சாயத்தண்ணியோடு உட்கார்ந்திருப்போம். "ராவெல்லாம் முழிச்சு என்னத்தடா பாக்குறீங்க?" என்று அம்மா கேட்பார். "புது கேம் காட்டுறாங்கம்மா" என்போம். உண்மையில் புது கேமைக் காட்டினார்களா என்பதுதான் பிறகு எனக்கு வந்த கேள்வி.

2016இல் ஒரு சீஆர் கொப்பி வாங்கினேன். பக்கத்துக்கு நான்கு பத்தி கோடு போட்டேன்: காட்டிய நாள், காட்டியது என்ன, சொன்ன திகதி, வந்த திகதி. உண்மையாகவே ஒருவர் விளையாடிக் காட்டினால் நீலப் பேனை. வெறும் படம் என்றால் சிவப்பு. சந்தேகம் என்றால் பென்சில். தொடங்கும்போது ஆசைக்காகத்தான் எழுதினேன், குறை பிடிக்க இல்லை. எது எப்போது வரும் என்று தெரிந்தால் அதற்கேற்பக் காசு சேர்க்கலாம் அல்லவா?

அந்தக் கொப்பியில் 2018 ஜூன் பக்கத்தை இப்போதும் அடிக்கடி திறப்பேன். சிவப்பு மையில் இருக்கிறது: "எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6. மலை, மூட்டம், பெயர். அரை நிமிடம்." அவ்வளவுதான் காட்டினார்கள். அரங்கம் அதிர்ந்தது, நானும் துள்ளினேன். மலையும் மூட்டமும் எங்கள் வாசலில் தினமும் நிற்பவைதான். அந்த மலைக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க ஆசைப்பட்டேன். ஏழு வருடம் ஆகிவிட்டது. கடைசி இரண்டு பத்தியும் வெறுமையாகவே கிடக்கின்றன.

சிவப்பில் எழுதியவை ஏமாற்றினால் அதை ஏற்றுக்கொள்ளலாம். வெறும் படம் என்று தெரிந்துதானே எழுதினேன். நீலம் ஏமாற்றும்போதுதான் வலிக்கிறது. பெர்ஃபெக்ட் டார்க்கை 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். 2024 ஜூனில் எக்ஸ்பொக்ஸ் ஷோவில் விளையாடும் காட்சியே காட்டினார்கள். நம்பிக்கையோடு நீலத்தில் எழுதினேன். 2025 ஜூலையில் கேமையும் கைவிட்டார்கள், அதைச் செய்த ஸ்டூடியோவையும் மூடினார்கள். இதற்கு முன்னோடியும் உண்டு. 2012 ஈ3 மேடையில் வொச் டோக்ஸ் காட்டிய மழையும் வெளிச்சமும், 2014 மே மாதம் கடைக்கு வந்த வொச் டோக்ஸில் அப்படியே இருக்கவில்லை. இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தம்பிக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, அப்ப மேடையில காட்டினது எந்த கேம்?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மேடையில் காட்டியது அந்த கேம்தான். அவர்கள் செய்ய ஆசைப்பட்ட கேம். நமக்கு வந்தது அவர்களால் செய்ய முடிந்த கேம். அந்த இடைவெளியை வாங்குகிறவர்தான் சுமக்கிறார்.

2022 ஜூன் 12 எனக்கு மறக்காது. மின்வெட்டும் எரிபொருள் வரிசையுமாக நாடு கிடந்த நேரம். மா விலை ஏறி, வீட்டில் ரொட்டியின் அளவு சின்னதாகிக்கொண்டே வந்தது. அடுத்த கிழமை பஸ் ஓடுமா, வேலைக்குப் போகலாமா என்று யாருக்கும் தெரியாது. அந்த ஞாயிறு இரவு எக்ஸ்பொக்ஸ் ஷோவில், இன்று காட்டும் எல்லாவற்றையும் அடுத்த 12 மாதத்துக்குள் விளையாடலாம் என்றார்கள். எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நாளைக்கே உறுதி இல்லாத நேரத்தில் ஒருவர் வருடக் கணக்கில் உறுதி சொல்கிறார். அதில் ஹொலோ நைட்: சில்க்சோங்கும் இருந்தது. சொன்ன திகதி பத்தியில் "2023 ஜூனுக்குள்" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். 2023 மே மாதம் தள்ளிப்போகிறது என்று அறிவித்தார்கள். செய்தவர்களைக் குறை சொல்லமாட்டேன், மிகச் சின்னக் குழு. ஆனால் மேடையில் அந்த உறுதியை எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போட்டது தவறு.

அப்புறம் 2024இல் ஒரு செய்தி படித்தேன். சமர் கேம் ஃபெஸ்டில் ஒரு நிமிட டிரெய்லர் போட இரண்டரை இலட்சம் டொலர். நம் காசில் ஏழரைக் கோடி ரூபாவுக்குக் கிட்ட. நிமிடம் கூடக் கூடக் கட்டணமும் கூடும். தெரிவுசெய்த சில கேம்களுக்கு இலவச இடமும் உண்டாம். அதைப் படித்த பிறகு அந்த ஷோவைப் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை. விளம்பரம் போடுவது குற்றமில்லை. எங்கள் கடையிலும் போன் கம்பனி போஸ்டர் ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க நான் யாரையும் அதிகாலை 2.30க்கு எழுப்பவில்லை. எது காசு கொடுத்து வந்தது, எது நல்லது என்று தெரிந்தெடுத்தது என்று திரையின் ஓரத்தில் ஒரு சொல் போட்டாலே போதும். நான் பார்த்தவரை அதைக்கூடச் செய்யவில்லை.

2023 கேம் அவார்ட்ஸில் இதை நேரடியாகவே பார்த்தேன். வருடக்கணக்கில் உழைத்தவர்கள் விருது வாங்க ஏறினால், அரை நிமிடத்தில் பேச்சை முடிக்கச் சொல்லி முன்னால் எழுத்து வந்தது. டிரெய்லருக்கோ தாராளமாக நேரம் இருந்தது. அந்தத் துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்த வருடம் அது. வேலை செய்தவர் பெயரைச் சொல்லக்கூட இடம் கொடுக்காத மேடை எனக்குப் பிடிக்கவில்லை. கொழுந்து எடுப்பவர் பெயர் தேயிலைப் பெட்டியில் எங்கேயும் இல்லாத ஊரில் பிறந்தவன் நான். அதனால் அது எனக்குக் கொஞ்சம் ஆழமாகவே பட்டது.

இப்போது என் கையைச் சுட்ட கதை. பெயர் வேண்டாம். ஒரு பெரிய கம்பனியின் கேம். இரண்டு வருடம் ஒவ்வொரு ஷோவிலும் காட்டினார்கள். கொப்பியில் அதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் போயிருக்கிறது. என்னிடம் இருந்தது கைமாறி வந்த பிளேஸ்டேஷன் 4. மாதா மாதம் ஒதுக்கி வைத்து, கொழும்புக்குப் போன நண்பரிடம் காசு கொடுத்து டிஸ்க் எடுப்பித்தேன். போட்டதும் 40 ஜிபிக்கு மேல் அப்டேட் கேட்டது. அதை இறக்க நான்கு இரவு. ஐந்தாம் இரவு கேம் திறந்தது. ஓடுகிற ஆளின் முகம் வரும், தலைமுடி வராது. தெருவில் நடந்தால் கட்டடம் பிந்தி வந்து சேரும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தரம் நின்றுபோனது. தம்பி ஒன்றும் பேசவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொரு அப்டேட் வரும்ணே" என்றான். அவன் எனக்கு ஆறுதல் சொன்னதுதான் அன்று மிகவும் கஷ்டமாக இருந்தது.

எனக்கு மட்டும் நடந்ததில்லை. 2020 டிசம்பர் 10 வெளிவந்த சைபர்பங்க் 2077 பழைய கன்சோல்களில் இருந்த நிலையைப் பார்த்து, சோனி ஏறக்குறைய ஒரு கிழமையில் அதைத் தன் கடையிலிருந்து எடுத்தது. அடுத்த ஜூனில்தான் திரும்ப வைத்தது. 2016இல் வந்த நோ மேன்ஸ் ஸ்கையிலும் சொன்னவை பல இருக்கவில்லை. இரண்டையும் செய்தவர்கள் வருடக்கணக்கில் உழைத்துச் சரிசெய்தார்கள், அதற்கு மரியாதை உண்டு. ஆனால் முதல் நாள் முழு விலை கொடுத்தவர்தான் நட்டப்பட்டவர். 70 டொலர் என்றால் ஏறக்குறைய 21,000 ரூபா. 2024 செப்டெம்பரில் 1350 ஆக்கிய நாள் சம்பளத்தில் பார்த்தால், அம்மாவுக்குப் பதினைந்து முழுப் பேருக்கும், அதாவது பதினைந்து முழு நாள் சம்பளத்துக்கும் மேல். மழை நாளில் விழும் அரைப் பேரை நான் இதில் சேர்க்கவில்லை.

நல்லதும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் ஹை-ஃபை ரஷ் என்ற கேமைக் காட்டினார்கள், அன்றைக்கே வெளியிட்டார்கள். காத்திருக்கவே விடவில்லை. கொப்பியில் காட்டிய நாளும் வந்த நாளும் ஒன்றாக இருக்கும் வரியைப் பார்க்க இன்றும் சந்தோஷமாக இருக்கிறது. கிளேர் ஒப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33ஐ 2024 ஜூனில் முதன்முறை காட்டினார்கள், 2025 ஏப்ரலில் கைக்கு வந்தது. பெரிய கேம்களைவிட விலையும் குறைவு. நான் கேட்பது இவ்வளவுதான்: செய்து முடியும் தறுவாயில் காட்டுங்கள், திகதியோடு காட்டுங்கள்.

இப்போது பாவிக்கும் முறையை மாற்றிவிட்டேன். 2.30க்கு அலாரம் வைப்பதில்லை. காலையில் கடை திறந்ததும் எனக்கு வேண்டிய இரண்டு மூன்று வீடியோவை மட்டும் தனியாகப் பார்க்கிறேன். திகதி இல்லாவிட்டால் கொப்பியில் ஏற்றுவதில்லை. வெளிவந்து இரண்டு கிழமைக்கு வாங்குவதில்லை. அதைவிட, ஸ்டீம் என்ற இணையக் கேம் கடை வருடத்தில் மூன்று முறை நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்டைத்தான் இப்போது எதிர்பார்த்திருக்கிறேன். டெமோவை நைட் டேட்டாவில் இறக்கி, பழைய லப்டொப்பில் நாமே ஓட்டிப் பார்க்கலாம். ஓடாவிட்டால் அழிக்கலாம். ஒரு சதம் நட்டமில்லை. மேடை வேண்டாம், இசைக்குழு வேண்டாம். கையில் கொடுத்தால் போதும். டிரெய்லரில் என்னைக் கவராத இரண்டு கேமை இப்படித்தான் கண்டுபிடித்தேன். முன்பென்றால் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

ஈ3ஐ 2023 டிசம்பரில் நிரந்தரமாக நிறுத்திவிட்டதாக அறிவித்தபோது கவலையாகத்தான் இருந்தது. வாசற்படியில் சிலிர்த்த அந்தப் பையன் இன்னும் எனக்குள் இருக்கிறான்.

கொப்பியில் சில்க்சோங் வரி என்ன ஆனது என்று கேட்பீர்கள். முதலில் எழுதியது 2019 பெப்ரவரி. தம்பி அப்போது புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். 2025 ஓகஸ்டில் செய்தவர்களே ஒரு வீடியோ போட்டு, செப்டெம்பர் 4 என்று திகதி சொன்னார்கள். இரண்டே கிழமை அவகாசம். அமெரிக்க விலை 20 டொலர். அன்று இரவு 7.30க்குத் திறந்ததும் உலகம் முழுக்க ஆட்கள் விழுந்து ஸ்டீம் கடையே கொஞ்ச நேரம் திணறியது. நாங்கள் 12 மணி வரை காத்திருந்து நைட் டேட்டாவில் இறக்கினோம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையை அந்த நேரம் விழித்திருக்க விட்டதற்கு சித்தியிடம் ஏச்சு வாங்கினேன். கேம் இறங்கிக்கொண்டிருக்கும்போது தம்பி அலுமாரிக்கு மேல் இருந்த கொப்பியை எடுத்துவந்தான். பழைய பக்கத்தைத் தேடிப் பிடித்து, என் பையிலிருந்த பேனையை உருவி, கடைசிப் பத்தியில் 2025-09-04 என்று அவனே எழுதினான். எழுதி முடித்துவிட்டு ஊதிக் காயவைத்தான்.