அடாப்டெக் 2940யூடபிள்யூ, 29160: ஸ்கஸி கார்டில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி அமைப்பு

பழைய டேப் டிரைவ், ஃபிலிம் ஸ்கேனர், 50 பின் ஹார்டு டிஸ்க் ஆகியவற்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் கணினிகளில் இந்த இரண்டு ஸ்கஸி கார்டுகளும் (பல சாதனங்களை ஒரே கேபிளில் கணினியோடு இணைப்பவை) வருடக்கணக்கில் சளைக்காமல் உழைக்கின்றன. கோளாறு என்று வந்தால் கார்டு கெட்டது என்பது அபூர்வம். கேபிளோ, டெர்மினேஷனோ (கேபிள் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் மின்தடை), ஏதோ ஒரு சாதனத்துக்கு ஒவ்வாத அமைப்போதான் காரணமாக இருக்கும். அதனால் முழுக் கார்டின் வேகத்தையும் குறைக்காமல், தகராறு செய்கிற சாதனத்தின் ஐடி எண்ணுக்கு (கேபிளில் அதன் முகவரி) மட்டும் அமைப்பை மாற்றுவதே சரியான வழி.

பூட் ஆகும்போது கார்டின் பயாஸ் செய்தி தெரிந்ததும் கண்ட்ரோலும் ஏ-வும் சேர்த்து அழுத்தினால் கார்டின் அமைப்புத் திரையான ஸ்கஸிசெலக்ட் திறக்கும். அதற்குள் 'ஸ்கஸி டிவைஸ் கான்ஃபிகரேஷன்' பக்கத்தில் 0 முதல் 15 வரை ஒவ்வொரு ஐடிக்கும் ஒரு பத்தி உண்டு. மாற்றங்கள் கார்டிலேயே உள்ள சீரியல் ஈஈபிராம் என்ற நினைவகச் சில்லில் பதிவாகின்றன. மதர்போர்டு பேட்டரி செத்தாலும் அழியாது. இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. வேறொருவர் கணினியிலிருந்து கழற்றி வந்த கார்டு அவர் வைத்த அமைப்புகளையும் சுமந்துகொண்டுதான் வரும். முதல் வேலையாக எஃப்6 அழுத்தி இயல்புநிலைக்குக் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே நன்றாக ஓடுகிற கார்டு என்றால், அழுத்துவதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் படுத்துவது 'இனிஷியேட் வைட் நெகோஷியேஷன்', அதாவது 8 பிட்டுக்குப் பதில் 16 பிட் அகலத்தில் (வைட்) பேசலாமா என்று கார்டு சாதனத்திடம் கேட்பது. 68 பின் டிஸ்க்கை அடாப்டர் போட்டு 50 பின் கேபிளில் மாட்டும்போது இதன் குணம் தெரியும். கார்டு "16 பிட் தெரியுமா?" என்று கேட்கிறது, டிஸ்க்கும் உண்மையாகவே "தெரியும்" என்கிறது. இருவரும் ஒத்துக்கொள்கிறார்கள், ஆனால் மேல் 8 பிட்டுக்கான கம்பிகள் அந்தக் கேபிளில் கிடையாது. டிஸ்க்கின் பெயர் பட்டியலில் ஒழுங்காக வரும். முதல் வாசிப்பிலேயே கணினி உறைந்து நிற்கும். பெயர் வந்துவிட்டதே என்று பலரும் டிஸ்க் மீது பழி போடுவது இந்த இடத்தில்தான். அந்த ஐடிக்கு வைட் நெகோஷியேஷனை 'நோ' ஆக்குங்கள். சில டிஸ்க்குகள் தாங்களாகவே பேச்சைத் தொடங்கும்; அவற்றில் வைட்டை முடக்கும் ஜம்பரையும் போட வேண்டும். 50 பின் கேபிளில் ஐடி 0 முதல் 7 வரைதான், 7 கார்டுக்கு. அடாப்டர் மேல் 8 பிட்டை டெர்மினேட் செய்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

'மேக்சிமம் சிங்க் டிரான்ஸ்ஃபர் ரேட்' (நொடிக்கு எத்தனை மெகாபைட் என்ற உச்ச வேகம்) 2940யூடபிள்யூவில் வைட் இருக்கும்போது 40 வரை போகும், வைட் இல்லையென்றால் அதில் பாதி. டிஸ்க்குகளுக்கு இதைத் தொட வேண்டியதில்லை. அல்ட்ராவுக்கு முந்தைய ஃபாஸ்ட் ஸ்கஸி காலத்து டேப் டிரைவுக்கு 10 போதும். சிங்க் பேச்சுச் செய்தியைக் கேட்டாலே விழிக்கிற சில பழைய ஸ்கேனர்களுக்கு சிங்க் நெகோஷியேஷனையே நிறுத்திவிடலாம். அவை ஒவ்வொரு பைட்டுக்கும் பதில் பெற்று நகரும் அசிங்க் முறையிலேயே தங்கள் வேகத்துக்கு ஓடும். ஆனால் வேகத்தைக் குறைத்தால் ஒரு டிஸ்க் சரியாகிறது என்றால், அதைத் தீர்வு என்று எண்ணிவிடாதீர்கள். அது கேபிளைப் பற்றிய துப்பு. அல்ட்ரா வேகத்தில், எல்விடி (குறைந்த மின்னழுத்த இணைக்கம்பி சிக்னல்) அல்லாத பஸ்ஸில், அதாவது சாதனங்கள் பகிரும் பொதுக் கேபிள் பாதையில், 4 சாதனங்கள் வரை மொத்த நீளம் 3 மீட்டர், அதற்கு மேல் 8 வரை என்றால் 1.5 மீட்டர். வெளியே செல்லும் கேபிளும் இந்தக் கணக்கில் சேரும்.

'எனேபிள் டிஸ்கனெக்ஷன்' எல்லா டிஸ்க்குக்கும் டேப்புக்கும் 'யெஸ்' ஆகவே இருக்கட்டும். டேப் நகர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் பஸ்ஸை விட்டுக்கொடுத்தால்தான் டிஸ்க் வேலை செய்ய முடியும். இதை நிறுத்திவிட்டால், டேப்பை ரீவைண்ட் செய்யும் நேரம் முழுக்க மற்ற எல்லாம் காத்துக் கிடக்க நேரிடும்.

'சென்ட் ஸ்டார்ட் யூனிட் கமாண்ட்' பல டிஸ்க் போட்டவர்களுக்கு நிஜமான வரம். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நான்கு டிஸ்க் ஒரே நொடியில் எழுந்தால் சிறிய பவர் சப்ளை தடுமாறும். டிஸ்க்கில் மோட்டார் தானாக ஓடாமலிருக்க ஜம்பர் போட்டு, இங்கே 'யெஸ்' வைத்தால் கார்டு ஒவ்வொன்றாக எழுப்பும். ஜம்பர் போட்டுவிட்டு இதை 'நோ' என்று விட்டால் கார்டு அந்த டிஸ்க்கை எழுப்பாது.

மற்றவை சுருக்கமாக: மல்டிபிள் எல்யூஎன், பூட் ஆகும் சாதனத்துக்குள் பல எல்யூஎன் (ஒரே ஐடிக்குள் இருக்கும் துணை அலகுகள்) இருந்தால் மட்டும். பேரிட்டி என்பது முழுக் கார்டுக்குமான அமைப்பு. ஒரு கிழட்டு ஸ்கேனருக்காக அதை அணைத்தால் டிஸ்க்குகளின் பிழைகாண் பாதுகாப்பும் போய்விடும். அந்த ஸ்கேனரை வேறு கார்டுக்கு மாற்றுங்கள்.

டெர்மினேஷன், பஸ்ஸின் இரு முனைகளிலும் மட்டும். 2940யூடபிள்யூவில் மூன்று கனெக்டர்கள் இருந்தாலும் ஒரு நேரத்தில் இரண்டைத்தான் பயன்படுத்தலாம். மூன்றிலும் மாட்டினால் பஸ் மூன்று கிளையாகிவிடும். உள்ளே 50 பின், 68 பின் இரண்டிலும் கேபிள் இருந்தால் 'லோ ஆஃப், ஹை ஆன்': கீழ் 8 பிட்டுக்குக் கார்டு நடுவில் இருக்கிறது, மேல் 8 பிட்டுக்கு அது முனை. 29160-இல் எல்விடி தனி, பழைய சாதனங்களுக்கான பகுதி தனி. எல்விடி கேபிளில் ஒரே ஒரு பழைய சாதனத்தை மாட்டினாலும் அந்தப் பகுதி முழுவதும் 40 மெகாபைட்டுக்கு இறங்கிவிடும், எல்விடிக்கு உள்ள 12 மீட்டர் கேபிள் நீளச் சலுகையும் போய்விடும். சாதாரண 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ் பிசிஐ ஸ்லாட்டில் மாட்டினால் நொடிக்கு 133 மெகாபைட்தான் உச்சம் என்பதால் அங்கே கார்டின் உச்ச வேகமான 160 என்ற எண்ணைத் துரத்துவது வீண்.

மாற்றியது பலித்ததா என்று லினக்ஸில் எளிதாகப் பார்க்கலாம். பூட் செய்திகளில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒத்துக்கொண்ட வேகம் வரும்: வைட் அல்ட்ரா டிஸ்க்குக்கு 'ஃபாஸ்ட்-20 வைட்', 40 மெகாபைட், வைட் அணைத்த ஐடியில் 'வைட்' என்ற சொல் இருக்கக் கூடாது. பேரிட்டி பிழை என்று ஒரு வரி தெரிந்தாலும் அமைப்புகளை விட்டுவிட்டு முதலில் கேபிளையும் டெர்மினேட்டரையும் மாற்றிப் பாருங்கள்.

1 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குகளுக்கான 'எக்ஸ்டெண்டட் டிரான்ஸ்லேஷன்' அமைப்பை (டிஸ்க்கின் இடங்களை ஹெட், செக்டர் என எண்ணும் கணக்கு) தரவு ஏறிய பிறகு மாற்றாதீர்கள். அது அணைந்திருக்கும்போது 64 ஹெட், 32 செக்டர். இயங்கும்போது பெரிய டிஸ்க்குக்கு 255 ஹெட், 63 செக்டர். கணக்கு மாறினால் டாஸ் பார்ட்டிஷன் குழம்பிப் போகும். பழைய அமைப்புக்கே திருப்பினால் பெரும்பாலும் மீண்டு வரும், நடுவில் எதையும் எழுதாதவரை. டிஸ்க் யூட்டிலிட்டியில் 'வெரிஃபை' தரவைத் தொடாது. அதன் பக்கத்திலேயே இருக்கும் 'ஃபார்மேட்' லோ-லெவல் ஃபார்மேட். பெரிய டிஸ்க்குக்கு மணிக்கணக்கில் ஆகும். நடுவில் மின்சாரம் போனால், முழு ஃபார்மேட்டையும் திரும்பச் செய்து முடிக்கும் வரை அந்த டிஸ்க்கைப் படிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. யூபிஎஸ் இல்லாமல் அதைத் தொடங்காதீர்கள்.