விக்ஸ்பர்க்கா, நாட்செஸா? மிசிசிப்பிக் கரையில் ஒரு நாள் இருந்தால் எங்கே போகலாம்

நியூ ஆர்லியன்ஸ் பயணத்தோடு ஆற்றங்கரையில் இன்னொரு சிறிய ஊரையும் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு விக்ஸ்பர்க், நாட்செஸ் என்ற இரண்டு பெயர்கள்தான் முதலில் கண்ணில் படும். இரண்டும் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஆற்றின் கிழக்குக் கரை மேட்டில் இருக்கின்றன. 61-ஆம் நெடுஞ்சாலையில் இடைவெளி சுமார் 70 மைல். 2020 கணக்கெடுப்பில் விக்ஸ்பர்க்கின் மக்கள்தொகை ஏறத்தாழ 21,500, நாட்செஸில் 14,500. ஓர் ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் நாட்செஸைத்தான் சொல்வேன். ஆனால் அங்கே பருத்திப் பண்ணையார்களின் பழைய மாளிகைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதாக இருந்தால், விக்ஸ்பர்க்குக்கே போய்விடுங்கள்.

இரண்டு ஊருக்கும் உள்ள வேறுபாடு, வடக்கு மாநிலங்களும் அடிமைமுறையைக் காக்க நின்ற தெற்கு மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் தொடங்குகிறது. விக்ஸ்பர்க் எதிர்த்து நின்றது. 1863 மே 18 முதல் ஜூலை 4 வரை 47 நாள் வடக்குத் தளபதி கிரான்ட்டின் படை ஊரைச் சூழ்ந்து முற்றுகையிட்டது. பீரங்கிக் குண்டுக்குப் பயந்து மக்கள் மண்மேடுகளைக் குடைந்து குகைகளில் குடியிருந்தார்கள். நாட்செஸ் 1862-லேயே சண்டையில்லாமல் பணிந்துவிட்டது. அதனால்தான் அங்கே வீடுகள் மிஞ்சின. விக்ஸ்பர்க்கில் மிஞ்சியது போர்க்களம்.

அந்தப் போர்க்களம் இப்போது தேசிய ராணுவப் பூங்கா. 16 மைல் சுற்றுச்சாலையில் காரிலேயே போகலாம். வழியெங்கும் 1,300-க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள். எல்லாவற்றிலும் நிற்க வேண்டியதில்லை, பாதியிலேயே கண் சலித்துவிடும். இல்லினாய் மாநில வீரர்களின் நினைவு மண்டபத்தில் இறங்குங்கள்: முற்றுகையின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 47 படிகள். 2004-ல் கறுப்பின வீரர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தையும் விட்டுவிட வேண்டாம். அப்புறம் வடக்குப் படையின் 'கேரோ' என்ற இரும்புக் கவசப் போர்க்கப்பல். 1862 டிசம்பரில் யாசூ ஆற்றில் கண்ணிவெடியில் சிக்கிச் சுமார் பன்னிரண்டு நிமிடத்தில் மூழ்கியது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. 1964-ல் வெளியே எடுத்தார்கள். இப்போது பெரிய கூரையின் கீழே நிற்கிறது. கவசத் தகடுகளையும் கொதிகலன்களையும் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். ஆற்றுச் சேறு காத்துக் கொடுத்த மாலுமிகளின் அன்றாடப் பொருள்கள் பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது ஒன்றே போதும். வரலாறு என்றால் முகம் சுளிக்கிற பிள்ளைகூட இங்கே நின்று பார்க்கும்.

விக்ஸ்பர்க்கில் மற்றவை சுருக்கம்தான். கோகோ கோலாவை 1894-ல் முதன்முதலாகப் பாட்டிலில் அடைத்த கடை அருங்காட்சியகமாக இருக்கிறது. அரை மணி நேரம் போதும். வெள்ளத் தடுப்புச் சுவரில் ஊரின் கதையை ஓவியங்களாக வரைந்திருக்கிறார்கள். அவை நன்றாக இருக்கின்றன.

ஆறு என்று பார்த்தால் விக்ஸ்பர்க் தோற்றுவிடும். 1876-ல் மிசிசிப்பி தடம் மாறி ஊரை விட்டு விலகியது. 1903-ல் யாசூ ஆற்றைக் கால்வாய் வெட்டித் திருப்பி ஊருக்கு மறுபடி கரை கொடுத்தார்கள். ஊருக்குக் கீழே ஓடுவது அந்தக் கால்வாய்தான். நாட்செஸ் அப்படியில்லை. சுமார் 200 அடி உயர மேட்டுப் பூங்காவில் நின்றால் காலடியில் மிசிசிப்பி, எதிரே லூசியானாவின் சமவெளி. மாலை வெயில் சாயும் நேரத்தில் ஊரே அங்கே நடக்க வருகிறது.

நாட்செஸின் மாளிகைகளில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால், அது லாங்வுட். எண்கோண வடிவம், உச்சியில் வெங்காயக் குவிமாடம். ஹாலர் நட் என்ற பருத்திப் பண்ணையார் 1860-ல் கட்டத் தொடங்கினார். போர் மூண்டதும் வடக்கிலிருந்து வந்த கைவினைஞர்கள் 1861-ல் வேலையைப் போட்டுவிட்டுப் போனார்கள். திட்டமிட்ட 32 அறைகளில் ஒன்பதுதான் முடிந்தன, அதுவும் அடித்தளத்தில். கீழே மேசை, நாற்காலி, திரைச்சீலையோடு முழு வீடு. படியேறினால் பூசாத செங்கல், வெறும் உத்தரம், தலைக்கு மேலே குவிமாடம் வரை திறந்த கூடு. முடிந்த மாளிகைகளில் பளபளப்புதான் தெரியும். இங்கே அந்தச் செல்வம் எப்படி நின்றுபோனது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஊரின் கிழக்கு ஓரத்தில் 'ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு' இருக்கிறது. ஆழ்தெற்கு எனப்படும் பருத்தி மாநிலங்களில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய அடிமைச் சந்தை இது. வர்ஜீனியா போன்ற தூர மாநிலங்களிலிருந்து மனிதர்களைச் சங்கிலியில் பிணைத்து நடத்திக்கொண்டுவந்து இங்கே விற்றார்கள். 1863-ல் வடக்குப் படை ஊருக்குள் வந்து நிலைகொண்டதோடு அது முடிந்தது. இப்போது ஒரு புல்வெளி, சில விளக்கப் பலகைகள், தரையில் கான்கிரீட்டில் பதித்த கைவிலங்குகள். கட்டணமில்லை, கூட்டமும் இல்லை. மாளிகைச் சுற்றுலாவுக்கு வரிசையில் நிற்பவர்களில் பலர் இங்கே எட்டிப் பார்க்காமல் போவது எனக்கு வருத்தம்தான். காலையில் முதலில் இங்கே வாருங்கள், லாங்வுட்டை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் பார்வையும் மாறும்.

நகர மையத்தில் வில்லியம் ஜான்சன் வீடு. அடிமையாகப் பிறந்து, 1820-ல் விடுதலையாகி, முடிதிருத்தும் கடை நடத்தியவர். 1835 முதல் 1851-ல் கொல்லப்படும் வரை நாட்குறிப்பு எழுதினார். அவரே அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் அந்த வீடு மறைக்கவில்லை. தெற்கின் சிக்கல் முழுவதையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க இதைவிட நல்ல இடம் இரண்டு ஊரிலும் இல்லை.

இசையில் சமநிலை என்று சொல்லலாம். புளூஸ் இசை மேதை வில்லி டிக்சன் 1915-ல் பிறந்தது விக்ஸ்பர்க்கில். நாட்செஸின் நினைவோ துயரமானது: 1940 ஏப்ரலில் ரிதம் கிளப் என்ற நடன அரங்கு தீப்பிடித்து 209 பேர் இறந்தார்கள்.

சாப்பாட்டில் இரண்டு ஊருக்கும் பொதுவானது டமாலே: சோள மாவில் இறைச்சிப் பூரணம் வைத்துச் சோள மடலில் பொதிந்து வேகவைப்பது. நம் இலைக் கொழுக்கட்டைக்குக் காரமான உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

போய்ச் சேர விக்ஸ்பர்க் சுலபம். மாநிலத் தலைநகர் ஜாக்சனிலிருந்து சுமார் 45 மைல்தான். நாட்செஸுக்கு அங்கிருந்து 100 மைல். வசந்த காலத்தில் நாட்செஸில் தனியார் மாளிகைகளையும் திறந்துவிடும் விழா 1932-லிருந்து நடக்கிறது. அந்தச் சமயத்தில் போவதாக இருந்தால் அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.