பச்சையை அளப்பதா, ஒளிர்வை அளப்பதா?

காடும் வயலும் எவ்வளவு கார்பனை உள்ளிழுக்கின்றன என்று செயற்கைக்கோள் தரவை வைத்துக் கணக்கிடப் போகிறவர்கள் தடுமாறும் இடம் இது: பழகிய என்டிவிஐ (NDVI, தாவரப் பசுமைக் குறியீடு) போதுமா, பச்சைய ஒளிர்வுக்குப் போகலாமா?

அளப்பது எதை?
என்டிவிஐ: இலை எவ்வளவு பச்சை.
ஒளிர்வு: அந்த இலை இப்போது வேலை செய்கிறதா. வாங்கிய ஒளியில் சுமார் 1–2 சதவீதத்தை இலை சிவப்பாகவும் அதைத் தாண்டிய நிறத்திலும் திருப்பி உமிழ்கிறது, அளப்பது அதைத்தான்.

கொலராடோவின் நைவோட் ரிட்ஜ் ஊசியிலைக் காட்டைப் பாருங்கள். குளிர்காலத்திலும் பச்சை மாறாது, ஆனால் ஒளிச்சேர்க்கை நின்றுபோயிருக்கும். என்டிவிஐக்கு அது சரியாகப் பிடிபடாது. ஒளிர்வு இறங்கிக் காட்டிவிடும். என்னைக் கேட்டால், ஒளிர்வுப் பக்கம் சாய இந்த ஒன்றே போதும்.

நுணுக்கம் (ஒரு படப்புள்ளி தரையில் எவ்வளவு)?
மோடிஸ் (நாசா செயற்கைக்கோள்களில் உள்ள கருவி) என்டிவிஐ: 250 மீட்டர்.
ட்ரோபோமி (ஐரோப்பியச் செயற்கைக்கோளில் உள்ள கருவி) ஒளிர்வு: 5.5 × 3.5 கிலோமீட்டர். சின்ன வயல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

பதிவு?
மோடிஸ் 2000 முதல், ட்ரோபோமி 2018 முதல்.

அப்புறம், ஒளிர்வு ரொம்ப மங்கலான சமிக்ஞை. ஒற்றை அளவீட்டை நம்பாமல் சராசரி எடுங்கள். ஒளிர்வைக் கார்பன் உள்ளிழுப்பாக மாற்றிக் கணக்கிடும் கெழுவும் தாவர வகைக்கு வகை மாறும்.

பசுமைமாறாக் காடு, பெரிய பரப்பு, பருவ மாற்றம் என்றால் ஒளிர்வு. தனி வயல், இருபதாண்டுப் போக்கு என்றால் என்டிவிஐ.