விக்கிமீடியா பொதுவகம்: பதிவேற்றும்போதே பதிப்புரிமை கற்றுத்தரும் சேவை

இணையத்தில் கண்ணில் படும் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றிவிட்டது. பள்ளி ஆண்டு மலரிலிருந்து யூடியூப் காணொளி வரை, ‘நன்றி: கூகுள்’ என்று போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். தேடுபொறி படத்தைக் காட்டுகிறதே தவிர, அதற்கு உரிமையாளர் அல்ல. இந்த அடிப்படையைப் பயனருக்குப் புரியவைக்கும் சேவைகளில், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கோப்புகளின் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்துக்கே (Wikimedia Commons) நான் முதலிடம் தருவேன். 2004 செப்டம்பரில் தொடங்கிய இத்தளத்தில் இன்று படங்களும் ஒலிப்பதிவுகளும் ஸ்கேன் செய்த நூல்களுமாக 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ளன. கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை.

இதன் சிறப்பு பதிவேற்றும் முறையிலேயே இருக்கிறது. கோப்பைத் தேர்ந்தெடுத்ததும், இது உங்கள் சொந்தப் படைப்பா, பிறருடையதா என்று கேட்கிறது. பிறருடையது என்றால் யாருடையது, எங்கிருந்து கிடைத்தது, எந்த உரிமத்தின்கீழ் வெளியானது என்று ஒவ்வொன்றாகச் சொல்லியாக வேண்டும்; ‘வாட்ஸ்ஆப்பில் வந்தது’ என்ற பதில் அங்கே எடுபடாது. திரைப்படக் காட்சியின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), விளம்பரச் சுவரொட்டி, பிறர் உருவாக்கிய கார்ட்டூன் பாத்திரத்தை நாமே வரைந்த ஓவியம் ஆகியவை ஏன் ஏற்கப்படுவதில்லை என்பதைப் படக்கதை வடிவிலான ஒரு சிறு பாடம் விளக்குகிறது. வகுப்பறையில் ஒரு மணி நேரம் சொல்லியும் மனத்தில் தங்காத செய்தி, தன் படத்தையே ஏற்ற முனையும்போது உடனே விளங்கிவிடுகிறது.

சென்னையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம். மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையை நீங்கள் படமெடுத்து ஏற்றலாம். பொது இடத்தில் நிலையாக வைக்கப்பட்ட சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம்தருகிறது. கண்ணகி நகர்ச் சுவர்களில் தீட்டப்பட்ட பெரிய ஓவியங்களும் பொது இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் சிற்பத்துக்கு உள்ள சலுகை ஓவியத்துக்கு இல்லை என்பதால், ஓவியரின் அனுமதியின்றி அவற்றின் படத்தைப் பொதுவகம் ஏற்பதில்லை. கேமரா நம்முடையது என்பதாலேயே படத்தின் முழு உரிமையும் நம்முடையதாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த முடியுமா என்று தெரியவில்லை.

பழைய நூல்களில் கணக்கு இன்னும் நுட்பமானது. இந்தியாவில் எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். 1960இல் மறைந்தவரின் எழுத்து 2021 ஜனவரி 1 அன்று இங்கே பொதுவுடைமையாகிவிட்டது; அதாவது, யாருடைய அனுமதியும் இன்றிப் பயன்படுத்தலாம். ஆயினும் அவருடைய நூல் 1945இல் வெளியாகியிருந்தால், வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் என்ற அமெரிக்க விதிப்படி அது அங்கே இன்னும் காக்கப்படக்கூடும். தளம் அமெரிக்காவிலிருந்து இயங்குவதால், இரு நாட்டுச் சட்டத்தையும் பொதுவகம் பார்க்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் திகைத்து நிற்பது இந்த இடத்தில்தான்.

தம் படைப்பைப் பிறர் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று படைப்பாளர் முன்கூட்டியே அறிவிக்க உதவும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் ஆறில், பெயர் குறிப்பிடக் கோருவதும், அதோடு அதே உரிமத்தில் பகிரக் கோருவதுமான இரண்டை மட்டுமே இத்தளம் ஏற்கிறது. வணிகப் பயன்பாட்டையோ மாற்றங்களையோ தடுக்கும் உரிமங்களுக்கு இடமில்லை. இது கடுமையாகத் தோன்றினாலும் சரியான முடிவு என்றே கருதுகிறேன்: ஒரு சிறு பதிப்பகம் பாடநூலில் படத்தைச் சேர்க்க யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. ஒருமுறை அளித்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்ற எச்சரிக்கை இன்னும் பெரிதாகக் கண்ணில் பட வேண்டும்; அவசரமாகச் சொடுக்குபவர்கள் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். ஒரு கோப்பை நீக்கலாமா என்று முடிவுசெய்யும் உரையாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழ் மட்டும் அறிந்தவர் தம் பக்க நியாயத்தை எடுத்துவைக்கத் தயங்குகிறார். விவரிப்புகளில் தமிழ் குறைவு என்பதால் தமிழில் தேடினால் கிடைப்பதும் குறைவே. இதைப் பயனர்களே மாற்றலாம்: எந்தக் கோப்புக்கும் தமிழில் ஒரு வரித் தலைப்பைச் சேர்க்கும் வசதி அந்தக் கோப்பின் பக்கத்திலேயே இருக்கிறது.